மூன்று தலைமுறைக் கணக்கு



நான் ஆசிரியராக இருந்த பள்ளி நீலகிரியின் பந்தலூர் வட்டாரத்தில் இருந்தது. அங்கே பிள்ளைகளைச் சேர்க்கும் பதிவேட்டில் ‘சொந்த ஊர்’ என்று ஒரு கட்டம். ஒவ்வொரு ஜூன் மாதமும் என்னைத் திணறவைத்த கட்டம் அதுதான். மௌண்டாடன் செட்டி வீட்டுப் பிள்ளை கேட்ட மாத்திரத்தில் தன் வயலின் பெயரைச் சொல்லும். கேரளத்திலிருந்து வந்து குடியேறியவரின் பிள்ளை தாத்தாவின் ஊரைச் சொல்லும். பழங்குடியான பணியர் வீட்டுப் பிள்ளை எதிரே தெரியும் குன்றைக் கைகாட்டும். டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அந்த அம்மா என் முகத்தைப் பார்ப்பார். பிறகு, “ரேஞ்ச் நாலுன்னு போட்டுக்கங்க சார்” என்பார். அவர் குடியிருந்த இடத்துக்கு எண்தான் பெயர். அந்த எண்ணைச் சொந்த ஊர் என்று எழுத என் கை தயங்கும். எழுதாமல் விடவும் முடியாது.

வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையே கிராமங்களில் எழும் மனத்தாங்கலைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, எனக்கு இந்தக் கட்டம்தான் நினைவுக்கு வந்தது. உலகம் முழுக்க இந்தப் பிரச்சினை உண்டு. நான் நீலகிரியை மட்டும் பேசுகிறேன். நான் வாழ்ந்து பார்த்தது அதைத்தான்.

அந்த மலையில் ‘உள்ளூர்க்காரர்’ என்ற சொல்லைச் சற்று நின்று நிதானித்துத்தான் பயன்படுத்த வேண்டும். இன்று மேட்டுநிலத்தில் பெரும் சமூகமாக இருக்கும் படகர்களின் பெயருக்கே ‘வடக்கிலிருந்து வந்தவர்’ என்றுதான் பொருள். மைசூர்ச் சமவெளியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறி வந்தவர்கள் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. அவர்கள் வந்தபோது தோடர்கள் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். கோத்தர்கள் இரும்பு அடித்தார்கள், பானை வனைந்தார்கள். குறும்பர்களும் இருளர்களும் சரிவுக் காடுகளில் இருந்தார்கள். வந்த படகர்கள் காட்டைத் திருத்தி ராகியும் சாமையும் விதைத்தார்கள்.

அங்கே நடந்த ஏற்பாடு மானுடவியல் படித்தவர்களுக்குத் தெரிந்த கதை. தோடரிடமிருந்து நெய், கோத்தரிடமிருந்து கலப்பைக் கொழுவும் பாண்டமும் சாவு வீட்டுக்கு இசையும், குறும்பரிடமிருந்து தேனும் காட்டுப்பொருளும், படகரிடமிருந்து தானியம். படகர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைத் தோடருக்குக் கொடுத்துவந்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேய அதிகாரிகள் அது குத்தகையா, காணிக்கையா, வெறும் தானமா என்று நெடுங்காலம் தங்களுக்குள் வாதாடினார்கள். நிலம் யாருடையது என்று தீர்மானிக்க அவர்களுக்கு அந்த விடை தேவைப்பட்டது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது தேவைப்படவில்லை.

இதைப் பொற்காலமாக நான் வரையவில்லை. குறும்பர்கள் சூனியக்காரர்கள் என்று அஞ்சப்பட்டார்கள். அந்த அச்சத்தில் கூட்டமாகக் கொலையும் செய்யப்பட்டார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களில் அது இருக்கிறது. கீழே கூடலூர்ப் பகுதியில் பணியர்கள் வயலோடு சேர்த்துக் கைமாறும் அடிமைகளாக இருந்தார்கள். சமத்துவம் எங்கேயும் இல்லை. ஆனால் படகர் வந்து சேர்ந்த கதையில் ஒன்று இருந்தது. வந்தவர், இருந்தவரிடம் நேரடியாகப் பேசித்தான் உட்கார வேண்டியிருந்தது. நடுவில் மூன்றாவது ஆள் இல்லை.

மூன்றாவது ஆள் 1819-ல் வந்தார். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரி வழியாக மேலே ஏறினார். 1820-களில் உதகமண்டலத்தில் தோடர்களின் மேய்ச்சல் நிலத்தைச் சொற்ப விலைக்கு வாங்கிக் கல்வீடு கட்டினார். அதற்குப் பிறகு அந்த மலையில் யார் எங்கே இருக்கலாம் என்பதைக் காகிதம் தீர்மானிக்கத் தொடங்கியது. அந்தக் காகிதத்தின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். நீலகிரியில் வந்தவரும் இருந்தவரும் ஒருவரை ஒருவர் வெறுக்கப் பிறந்தவர்கள் அல்ல. இரண்டு பேரிடமும் காகிதம் இல்லாமல் வைத்திருந்ததால், ஒருவர் மற்றவரைத் திருடராகப் பார்க்கப் பழகினார்கள். இது என் முடிவு. இதற்கு நான் வந்த வழியைச் சொல்கிறேன்.

அதற்கு முதலில் கடலுக்கு அந்தப்பக்கம், இலங்கைக்குப் போக வேண்டும். 1820-களிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயில் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள்பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்றவர்கள். நூறாண்டுக்கு மேல் உழைத்தார்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948-ஆம் ஆண்டில் அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தது. உன் தந்தை இலங்கையில் பிறந்தார் என்று நிரூபி. நீயே அங்கே பிறந்திருக்காவிட்டால் பாட்டனும் பிறந்தார் என்று நிரூபி என்றது அது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து லயத்துக் காம்பராவில் செத்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். அன்று நாடற்றவர் தொகை 9,75,000 என்று கொள்ளப்பட்டது. அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மீதியைப் பாதிப்பாதியாக, 75,000, 75,000 என்று பிரித்தார்கள். பாத்திரம் பண்டம் பிரிப்பதுபோல் மனிதர்களைப் பிரித்தார்கள் என்பதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். பிரிக்கப்பட்டவர்களில் யாரையும் கலந்து பேசவில்லை. அவர்கள் வந்து இறங்கப்போகும் ஊர்க்காரர்களையும் யாரும் கேட்கவில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தை நாம் போதுமான அளவு சொல்வதில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் பதிந்தார்கள். அரசு அவர்களுக்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர் வைத்தது. பல குடும்பங்களுக்குச் சிறு வியாபாரக் கடன் கொடுத்து, பூர்வீக ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியது. கொழுந்து கிள்ளிய கைக்கு வியாபாரம் எப்படி வரும்? நான்கு தலைமுறைக்கு முன் விட்டுப்போன ஊரில் நிலமில்லை, உறவு இல்லை. சாதி மட்டும் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. கடன் பணம் கரைந்ததும் குளிரும் தேயிலையும் இருக்கும் இடத்தைத் தேடி அவர்கள் நீலகிரிக்கு ஏறினார்கள். தெரிந்த தொழில் அங்கேதான் இருந்தது. அரசே அழைத்து வந்தவர்கள் ஒரு பகுதி. தாமாக ஏறி வந்தவர்கள் இன்னொரு பகுதி.

அரசு அழைத்து வந்தவர்களுக்காக 1968-ல் வனத்துறை தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-ல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. டேன்டீ என்று நாம் சொல்வது அதைத்தான். குன்னூர், கோத்தகிரி, நடுவட்டம், தேவாலா, நெல்லியாளம், சேரங்கோடு, சேரம்பாடி என்று காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். வெட்டியவர்கள் யார்? அகதியைப்போல் வந்து இறங்கிய அதே மக்கள். அவர்கள் கையில் அரிவாளைக் கொடுத்தது அரசு. வெட்டப்பட்ட காட்டில் தேன் எடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்கள் காட்டுநாயக்கர்களும் பணியர்களும் குறும்பர்களும். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அரிவாள் பிடித்த கை மட்டும்தான். உத்தரவில் கையெழுத்துப் போட்ட கை கோப்புக்குள் இருந்தது.

இருந்தவர்களின் மனத்தாங்கலை நான் சில்லறையாக எண்ணவில்லை. கோத்தகிரிப் பக்கம் ஹட்டி எனப்படும் ஒரு படகர் ஊரில், படகச் சிறு தேயிலை விவசாயி ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர் அடுக்கினார்: ஊருக்குக் கீழே ஓடைப் புறம்போக்கில் குடிசைகள் முளைத்தன, விறகுக்குச் சோலை போயிற்று, ஊற்று கலங்கிற்று, வாக்காளர் பட்டியல் ஒரே தேர்தலில் நீண்டது, இனி இந்த மலையில் எங்கள் பேச்சு எடுபடாது. இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நான் கேட்ட ஒரு கேள்விக்கு அவரும் ஒளிக்காமல் பதில் சொன்னார். உருளைக்கிழங்கிலிருந்து தேயிலைக்கு மாறிய காலத்தில் உங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்தது யார்? “அவங்கதான். அவங்க இல்லன்னா எங்களுக்குத் தேயிலையே இல்ல.” பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார். 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது அந்த இரண்டு வீட்டுப் பட்டினியும் சேர்ந்தேதான் வந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில், தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரை ‘வடக்கத்தியான்’ என்று இழித்துச் சொல்லும் வழக்கம் இருந்தது. வடக்கே இந்தியாவிலிருந்து வந்தவன் என்று பொருள். அந்தப் பெயரோடு கடல் கடந்து நீலகிரிக்கு வந்தவர்களை, ‘வடக்கர்’ என்ற பொருளுடைய பெயரைக் கொண்ட படகர்கள் ‘சிலோன்காரன்’ என்றார்கள். இன்று அந்தச் சிலோன்காரரின் பேரப்பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். தோட்டங்களில் ஆள் இல்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். பக்கத்து லயன் வீட்டு வரிசையில் இந்தி பேசிக்கொண்டு துணி துவைக்கும் பெண்ணைக் காட்டி, என் பழைய மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “இந்த வடக்கனுங்க வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டாங்க சார்.” அவளுடைய பாட்டி அந்தச் சொல்லை எந்த ஊரில் யார் வாயிலிருந்து கேட்டார் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடத்தில் நானும் சொல்லித்தரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

மறுபடி காகிதத்துக்கு வருகிறேன். கூடலூர் நிலத்தின் சிக்கலை ஒரு மணி நேரத்தில் அவிழ்க்க முடியாது. முடிச்சு இருக்கும் இடத்தை மட்டும் தொட்டுக்காட்டுகிறேன். அந்தப் பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மி நிலமாக, அதாவது பரம்பரை உடைமையாக இருந்தது. அதை ஒழிக்க 1969-ல் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது. குத்தகைக்கு விடப்பட்ட பெருந்தோட்டங்கள் அந்தச் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் மாட்டின. அன்று தொடங்கிய வழக்குகளில் ஒரு பகுதி இன்னும் முடியவில்லை. கூடலூரில் நீங்கள் யாரிடமாவது ‘செக்‌ஷன் செவன்டீன்’ என்று சொல்லிப் பாருங்கள், படிக்காதவருக்கும் புரியும். அந்த நிலத்தில் வீடு வைத்திருப்பவருக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாவிட்டால் மின் இணைப்புக்குக்கூட அலைய வேண்டும். அதே கோவிலகக் குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ஆம் தேதி அந்த வழக்கில் வந்த உத்தரவு, காடு என்ற சொல்லுக்கே நாடு முழுவதும் புதிய எல்லை வகுத்தது. காட்டைக் காத்த உத்தரவு அது, அதற்கு என் மரியாதை உண்டு. ஆனால் காடு எது என்று முடிவான அளவுக்கு, அதற்குள் ஏற்கெனவே இருந்த மனிதர் யார் என்பது முடிவாகவில்லை.

அதை முடிவு செய்ய வந்த சட்டம் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். பழங்குடியினருக்கு இந்த நாடு செய்த வரலாற்று அநீதியைத் தன் முகப்பிலேயே ஒப்புக்கொண்ட சட்டம். பழங்குடி அல்லாத, காட்டைச் சார்ந்து வாழும் மற்றவர்களுக்கும் அதில் இடம் உண்டு. ஒரு நிபந்தனை: 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஒரு தலைமுறை என்றால் 25 ஆண்டு. மொத்தம் 75. அதாவது 1930-க்கு முன் வந்திருக்க வேண்டும்.

டேன்டீ தொழிலாளியின் தாத்தா 1930-ல் எங்கே இருந்தார்? இலங்கையில் ஹட்டனிலோ பதுளையிலோ கொழுந்துக் கூடை சுமந்துகொண்டிருந்தார். அந்த ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் சேராது. 1948-ல் ஒரு நாட்டின் சட்டம் உன் தந்தையையும் பாட்டனையும் காட்டு என்றது, காட்ட முடியவில்லை. 2006-ல் இன்னொரு நாட்டின் சட்டம் மூன்று தலைமுறையைக் காட்டு என்கிறது. மறுபடியும் காட்ட முடியவில்லை. இரண்டு முறையும் அவர்கள் நின்ற மண் அவர்கள் கையால் விளைந்த மண்.

அந்த மூன்று தலைமுறை நிபந்தனையைத் தளர்த்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தளர்ந்தால் முதலில் நுழைபவர் ஏழைத் தொழிலாளியாக இருக்க மாட்டார், ரிசார்ட் கட்டுபவராக இருப்பார். பழங்குடிகளின் உரிமை முதலில் வர வேண்டும். கூடலூர் ஆதிவாசிகள் 1980-களில் சங்கமாகத் திரண்டார்கள், 1988-ல் ஊர்வலம் போனார்கள், தங்கள் மூதாதையர் நிலத்தில் தாங்களே தேயிலை நட்டார்கள். ஏன் தேயிலை? அந்த மலையில் தேயிலைச் செடி நட்டவனைத்தான் நிலத்துக்காரனாக அரசு பார்த்தது. ராகியும் கிழங்கும் ஒரு பருவத்தில் மறைந்துவிடும், தேயிலை மறையாது. காகிதம் இல்லாதவர் செடியைக் காகிதமாக நட்டார். லயனில் இருந்தவரும் தன் வீட்டுப் பின்புறத்தில் நாலு காப்பிச் செடி நட்டது இதே காரணத்துக்காகத்தான். இரண்டு பேரும் ஒரே அச்சத்தில் ஒரே வேலையைச் செய்துகொண்டு, ஒருவரை ஒருவர் ஆக்கிரமிப்பாளர் என்று புகார் எழுதினார்கள்.

நான் கேட்பது இதுதான். அரசே ஒப்பந்தம் போட்டு, கப்பலில் ஏற்றி, காட்டில் இறக்கிவிட்ட மக்களை, தானாக வேலி தாண்டியவரோடு ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. அவர்களுக்கு வன உரிமைச் சட்டம் பொருந்தாது, சரி. அப்படியென்றால் அவர்களுக்கென்று தனியே ஒரு சட்டம் வேண்டும். குடியிருக்கும் வீட்டடிக்காவது பட்டா வேண்டும். அதே நாளில், அதே மேசையில், பக்கத்துப் பணியர் குடியிருப்புக்கும் காட்டுநாயக்கர் குடியிருப்புக்கும் நிலுவையில் உள்ள வன உரிமைப் பட்டாவும் கொடுக்கப்பட வேண்டும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர் அதைத் தன்னிடமிருந்து பிடுங்கியதாகவே காண்பார். அப்படிக் கண்டால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

2022-ல் டேன்டீ நட்டத்தைக் காரணம் காட்டி, அதன் நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பதாக அரசு முடிவெடுத்தது. காடு மீண்டும் காடாகட்டும், யானைக்கு வழி கிடைக்கட்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. கூடலூரிலும் பந்தலூரிலும் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர் யானைக்குப் பலியாகும் செய்தி நின்றபாடில்லை. ஆனால் அன்று தோட்டத் தொழிலாளர்கள் திரண்டு கேட்ட கேள்வி யானையைப் பற்றியதல்ல. ஓய்வு பெற்றதும் லயனைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. தோட்டமே போய்விட்டால் வேலையில் இருப்பவரும் காலி செய்ய வேண்டியதுதானே? அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அவர்கள் வாடகை இல்லாத விருந்தாளிகளாகவே வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

கடைசியாக ஒரு ஊற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிக்கு மேலே சரிவில் ஓர் ஊற்று. அதிலிருந்து குழாய் போட்டு லயனுக்குத் தண்ணீர் வந்தது. கீழே பணியர் குடியிருப்பு. மாசி பங்குனியில் மேலே குழாய் இழுத்தால் கீழே ஓடை வற்றிவிடும். ஓர் ஆண்டு குழாயை யாரோ வெட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் கம்போடு நின்றது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் என் வகுப்பில் படித்ததால் என்னைக் கூப்பிட்டார்கள்.

லயன் பக்கம் ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர், எழுபது வயது அம்மா, முதலில் பேசினார். “நாங்க கேட்டு வரல சார். கொண்டாந்து விட்டாங்க. விட்ட எடத்துல இருக்கோம்.” பணியர் பக்கம் அதே வயதில் ஒரு பாட்டி. அவர் மொழியில் அவர் சொன்னதை அவருடைய பேரன் எங்களுக்குச் சொன்னான்: எங்களையும் யாரும் கேட்கவில்லை, ஒரு நாள் காலையில் கோடாலிச் சத்தம்தான் கேட்டது. லயன் அம்மா சிறிது நேரம் அவரைப் பார்த்தார். “கோடாலி எங்க வீட்டுக்காரரு கையில இருந்துச்சு. அது நெசந்தான்” என்றார். ஐம்பது ஆண்டுகளில் அந்த இரண்டு குடியிருப்புக்கும் நடுவே அந்த வாக்கியம் பேசப்பட்டது அன்றுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

அன்று முழுக்கச் சமாதானம் ஆகிவிடவில்லை. இரண்டு முறை பேச்சு முறிந்தது. மூன்றாவது முறை, ஊற்றுக்குக் கீழே பொதுவாக ஒரு தொட்டி கட்டித் தரும்படி மனு எழுதுவது என்று ஒத்துக்கொண்டார்கள். நான்தான் எழுதினேன். லயனில் பதினெட்டுப் பேரும் பணியர் குடியிருப்பில் பதினோரு பேரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். நாலு மாதம் கழித்து மனு திரும்பி வந்தது. தொட்டி கட்டும் இடத்துக்கான நில உரிமைச் சான்றை இணைக்கவும் என்று சிவப்பு மையில் குறிப்பு. அந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இருந்தது. லயன்காரர்கள் பணியரைப் பார்த்தார்கள். பணியர்கள் லயன்காரர்களைப் பார்த்தார்கள்.

மறுபடி அனுப்பியிருக்கிறோம், அந்தக் கட்டத்தை நிரப்பாமலே. இப்போதைக்குக் காலை ஆறிலிருந்து எட்டு வரை தண்ணீர் லயனுக்கு, எட்டிலிருந்து பத்து வரை ஓடைக்கு. எட்டு மணிக்குக் குழாயை அடைக்க ஒரு பணியர் வீட்டுச் சிறுமி மேலே ஏறி வருகிறாள். லயன் அம்மா அவளுக்கு முன்னால் போய் வால்வருகே உட்கார்ந்திருக்கிறார்.